எவ்வளவு உலுக்கினால் குலையும்? சறுக்குப் பாய்வுகளின் நெடுங்கால நிலைத்தன்மை

1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, அதன் நடுவே மெல்லிய சாயக்கோடு ஒன்றைச் செலுத்தினார். வேகம் குறைவாக இருந்தவரை கோடு மறுமுனைவரை கலையாமல் போய்ச் சேர்ந்தது. வேகத்தைக் கூட்டியபோது ஓரிடத்தில் நடுங்கி, உடைந்து, குழாய் முழுக்கப் பரவியது. வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, பாய்மத்தின் இயக்கப் பாகியலால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் இதைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். இன்று அதை ரெனால்ட்ஸ் எண் என்கிறோம். பாடநூல்கள் கோடு உடையும் எண்ணை ஏறக்குறைய 2,000 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

பாடநூல்கள் விட்டுவிடும் பகுதிதான் சுவையானது. தொட்டித் தண்ணீரை நெடுநேரம் அசையாமல் அடங்கவிட்டு, குழாயின் வாயைப் புனல்போல் வழவழப்பாக்கி, எந்த அதிர்வும் படாமல் பார்த்துக்கொண்டால், ஏறத்தாழ 13,000 வரைகூட ஓட்டம் கலங்காமல் வரிச்சீராகவே இருப்பதை ரெனால்ட்ஸே கண்டார். 1961இல் ஃபெனிங்கர் இதே கவனத்தை எல்லைவரை கொண்டுபோய் 1,00,000ஐத் தொட்டார். அப்படியானால் வரிச்சீர் ஓட்டம் குலையும் எண் என்று ஒன்று உண்டா? ‘இந்த ஓட்டம் நிலையானதா, இல்லையா’ என்ற கேள்வியே பாதிக் கேள்விதான் என்பது என் கருத்து. எவ்வளவு பெரிய உலைவுக்கு, எவ்வளவு வழவழப்பான உலைவுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். கணிதம் இதை உணர்ந்துகொள்ள நூறாண்டுக்கு மேலானது. கடந்த 15 ஆண்டுகளில் வந்த தேற்றங்கள் அந்த முழுக் கேள்விக்கானவை.

இணையான படலங்கள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் செல்லும் ஓட்டத்தைச் சறுக்குப் பாய்வு என்போம். அதில் எளியது குவெட் பாய்வு. இரண்டு தட்டுகள் எதிரெதிர்த் திசையில் நகர, இடையிலுள்ள பாய்மத்தின் வேகம் கீழிருந்து மேலாக நேர்கோட்டில் மாறிக்கொண்டே போகும். அசையாத இரு சுவர்களுக்கிடையே அழுத்தத்தால் தள்ளப்பட்டு, நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடுவது பாய்சொய் பாய்வு. குழாய் ஓட்டம் அதன் உருளை வடிவம்.

ரேலி பிரபு 1880இல் பாகியலே இல்லாத பாய்மத்தை எடுத்துக்கொண்டு, வேக வளைகோட்டில் வளைவுமாற்றப் புள்ளி இருந்தாலொழிய வளரும் அலை எதுவும் தோன்றாது என்று நிறுவினார். குவெட்டிலும் பாய்சொய்யிலும் அத்தகைய புள்ளி இல்லை. பாகியலைச் சேர்த்துக்கொண்டு அயர்லாந்தின் வில்லியம் ஆர் 1907இலும், சோமர்ஃபெல்ட் 1908இலும் ஒரே சமன்பாட்டை எழுதினார்கள். அதன் ஐகன் மதிப்புகளில் ஒன்றாவது வளர்ச்சியைக் காட்டினால் ஓட்டம் நிலையற்றது, எல்லாம் தேய்வைக் காட்டினால் நிலையானது. சோமர்ஃபெல்டின் மாணவர் ஹைசன்பர்க் குவாண்டம் இயற்பியலில் பெயர்பெறும்முன் முனைவர் ஆய்வு செய்தது இந்தச் சமன்பாட்டில்தான்.

குவெட் பாய்வுக்கு வந்த விடை எவரையும் திகைக்க வைக்கும். 1973இல் ரொமானோவ், எந்த ரெனால்ட்ஸ் எண்ணிலும் குவெட் பாய்வு நிலையானது என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். ஆய்வகமோ வேறு சொல்கிறது. தட்டின் வேகத்தையும் பாதி இடைவெளியையும் கொண்டு கணக்கிட்டால், ஏறக்குறைய 325லேயே கொந்தளிப்பு தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்கிறது. மறுபக்கம், எந்த உலைவின் ஆற்றலும் ஒரு கணம்கூட வளரமுடியாது என்று ஆற்றல் கணக்கு உறுதி தருவதோ 20.7 வரைதான். பாய்சொய் பாய்விலும் இதே குழப்பம். ஆர்சாக் 1971இல் கணினியில் கணக்கிட்ட ஐகன் மதிப்பு எல்லை 5772. ஆய்வகத்தில் 1,000 அளவிலேயே கொந்தளிப்பு வந்துவிடும்.

ஐகன் மதிப்பு முறை தவறானது என்று இதற்குப் பொருள் இல்லை. சுழலும் இரு உருளைகளுக்கிடையே உள்ள பாய்மத்துக்கு ஜி. ஐ. டெய்லர் 1923இல் இதே முறையில் கணித்ததும் அவரே சோதனையில் கண்டதும் அச்சாகப் பொருந்தின. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1961இல் வெளியிட்ட பாய்ம நிலைத்தன்மை பற்றிய பெருநூல் அந்த முறையின் வெற்றிக்கு எழுப்பிய நினைவுமண்டபம் என்றே சொல்லலாம். அந்நூலில் குவெட் என்ற பெயரில் வருவது சுழலும் உருளைகளின் ஓட்டம். நேராகச் சறுக்கும் ஓட்டம்தான் அந்த முறைக்கு வசப்படவில்லை.

ஏன் வசப்படவில்லை என்பதை 1993இல் ட்ரெஃபெதென் தம் கூட்டாளிகளோடு ‘சயின்ஸ்’ இதழில் தெளிவாக எடுத்துரைத்தார். ஐகன் மதிப்புகள் கடைசியில் என்ன ஆகும் என்று மட்டுமே சொல்கின்றன, நடுவில் நடப்பதைச் சொல்வதில்லை. ஐகன் அலைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் நடுவில் நடப்பதும் கடைசியில் ஆவதும் ஒரே கதைதான். சறுக்குப் பாய்வில் அவை கிட்டத்தட்ட ஒரே திசையில் கிடக்கின்றன. எதிர்க்குறி கொண்ட இரண்டு பெரிய அலைகள் தொடக்கத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒரு சின்ன உலைவாகத் தோன்றலாம். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் தேயும்போது அந்தச் சமன் கெட்டு, மறைந்திருந்த பேரலை வெளிப்படும். ரொமானோவின் தேற்றம் மிகச் சிறிய உலைவுகளுக்கு உண்மை. எவ்வளவு சிறியவை என்பது ரெனால்ட்ஸ் எண்ணைப் பொறுத்தது. வேகம் கூடக்கூட அந்தப் பாதுகாப்பு வட்டம் சுருங்குகிறது. எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடியவர்கள் 1907க்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. ஆர் தம் கட்டுரையில் பாகியலற்ற குவெட் பாய்வைப் பற்றி ஒரு கணக்கைப் போட்டிருந்தார். அதன் விதை 1887இல் கெல்வின் எழுதிய தீர்விலேயே இருந்தது. ஒரு சீட்டுக்கட்டின் பக்கவாட்டில் சாய்வாகக் கோடுகள் வரைந்துவிட்டு, மேல் சீட்டை முன்னும் கீழ்ச் சீட்டைப் பின்னுமாகத் தள்ளுங்கள். ஓட்டத்துக்கு எதிராகச் சாய்ந்திருந்த கோடுகள் முதலில் நிமிரும். பிறகு ஓட்டத்தின் திசையில் சாயும். மேலும் தள்ளத் தள்ள ஒன்றோடொன்று நெருங்கி இழைகளாக மெலியும். பாய்மத்தில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவை, அதாவது சுழல்மையை, சறுக்குப் பாய்வு இப்படித்தான் நடத்துகிறது.

சுழல்மை எங்கும் அழிவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே. ஆனால் மெல்லிய இழைகளில் வலஞ்சுழியும் இடஞ்சுழியும் மாறிமாறி அடுத்தடுத்து அமைவதால், அவை உண்டாக்கும் வேகங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. கணக்குப் போட்டால், உலைவின் குறுக்கு வேகம் காலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும், ஓட்டத்தின் திசையிலான வேகம் காலத்துக்கு எதிர்விகிதத்திலும் தேயும். பாகியல் துளியும் இல்லாமலே இது நடக்கிறது. பாகியலற்ற தணிவு என்று இன்று இதற்குப் பெயர்.

தேய்வுக்கு முன் ஒரு வளர்ச்சி உண்டு. கோடுகள் நிமிர்ந்து நிற்கும் கணத்தில் நீக்கல் குறைந்து, வேகம் உச்சம் தொடும். நெளிவுகள் எவ்வளவு நெருக்கமானவை என்பதைச் சொல்வது அலை எண்; ஓட்டத்துக்குக் குறுக்கே அளக்கும் குறுக்கு அலை எண் 10, ஓட்டத்தின் திசையில் அளக்கும் நீள்வாக்கு அலை எண் 1 என்று தொடங்கும் உலைவில், குறுக்கு வேகம் காலம் 10 ஆகும்போது 101 மடங்காகிவிட்டுத்தான் தேயத் தொடங்கும். குறுக்கு அலை எண் பெரிதாக இருந்தால் உச்சமும் பெரிது, அது வரும் நேரமும் தள்ளிப்போகும். அந்த எண்ணுக்கு மேல்வரம்பு இல்லாததால், வளர்ச்சிக்கும் மேல்வரம்பு இல்லை. உலைவின் வழவழப்பு இங்கேதான் கதைக்குள் நுழைகிறது. மிக நுண்ணிய நெளிவுகள் தொடக்கத்தில் எவ்வளவு குறைவாக இருக்கின்றன என்பதே வழவழப்பின் அளவு.

லாண்டாவ் 1946இல் பிளாஸ்மாவில் இதன் இரட்டையைக் கண்டார். துகள்கள் மோதிக்கொள்ளாமலே மின்புல அலைகள் தணிகின்றன. இரண்டிலும் ஒரே புதிர். சமன்பாடுகளில் காலத்தைத் திருப்பிப் போட்டாலும் அவை மாறாது. எந்த ஆற்றலும் வெப்பமாக வீணாவதில்லை. அப்புறம் எப்படி ஓட்டம் அமைதியை நோக்கிப் போகிறது? தகவல் அழியவில்லை, கண்ணுக்கெட்டாத நுண்மைக்குள் ஒளிந்துகொள்கிறது என்பதே விடை. ஒளிந்த தகவல் திரும்பி வரவும் முடியும் என்று 1968இல் மால்ம்பெர்க் குழுவினர் ஆய்வகத்தில் காட்டினார்கள். பிளாஸ்மாவில் ஒரு துடிப்பைக் கொடுத்து அது தணிந்தபின் இரண்டாவது துடிப்பைக் கொடுத்தார்கள், அதுவும் தணிந்தது. பின்னர் யாரும் எதுவும் கொடுக்காமலே மூன்றாவது துடிப்பு ஒன்று எழுந்தது. பிளாஸ்மா எதிரொலி என்றார்கள் அதை.

ஆரின் கணக்கு உலைவு தன்னோடு தானே மோதுவதைப் புறக்கணித்தது. அந்த மோதலைச் சேர்த்துக்கொண்டால் எதிரொலிகள் சறுக்குப் பாய்விலும் எழும், சங்கிலியாகவும் எழலாம். நீள்வாக்கு அலை எண் 100 கொண்ட அலை தன் உச்ச நேரத்தில் பின்னணியிலுள்ள சிறு உலைவோடு மோதி அலை எண் 99ஐ எழுப்புகிறது. 99இன் உச்ச நேரம் இனிமேல்தான் வரவிருக்கிறது. அது வரும்போது 98ஐ எழுப்புகிறது. இப்படியே 1 வரை. ஒவ்வொரு படியிலும் வளர்ச்சி, குறுக்கு அலை எண்ணைப் பின்னணி உலைவின் அளவால் பெருக்கி நீள்வாக்கு அலை எண்ணின் வர்க்கத்தால் வகுத்த அளவு. குறுக்கு அலை எண்ணை 10,000 என்றும் பின்னணியை 0.01 என்றும் வைத்தால், சங்கிலி 10இல் தொடங்கி 1இல் முடியும்போது பெருக்கம் ஏறத்தாழ 76 லட்சம். பின்னணி 1 ஆக இருந்தால் சங்கிலி 100இல் தொடங்கும். பெருக்கமோ 1க்குப் பின் 84 சுழியங்கள் போடும் அளவுக்குப் போய்விடும். மிக மோசமான நிலையைக் கொள்ளும் எளிய மாதிரிதான் இது. ஆனாலும் அதிலிருந்து பொதுவாக வரும் முடிவு துல்லியமானது: வளர்ச்சி, குறுக்கு அலை எண்ணின் வர்க்கமூலத்தை அடுக்கில் கொண்ட அடுக்குக்குறிச் சார்பாக அமையும்.

தொடக்க உலைவின் நுண் நெளிவுகள் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ குறைந்தால்தான் சங்கிலியை அடக்க முடியும். எல்லாப் படி வகைக்கெழுக்களும் இருந்தால் மட்டும் போதாது என்று ஆகிறது. முடிவிலித் தொடராக விரிக்கத்தக்க பகுமுறைச் சார்பு என்றால் தேவைக்கு மேல். நடுவில் உள்ள வகைக்கு ஜெவ்ரே வகுப்பு என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோரிஸ் ஜெவ்ரே வெப்பச் சமன்பாட்டுக்காக உண்டாக்கிய வகைப்பாடு நூறாண்டு கழித்து இங்கே கைகொடுத்தது.

வழியை முதலில் திறந்தவர்கள் முவோவும் வில்லானியும். உலைவின் தன்மோதலையும் சேர்த்துக்கொண்ட, அதாவது நேரியலற்ற, லாண்டாவ் தணிவை அவர்கள் நிறுவிய கட்டுரை 2011இல் வெளிவந்தது. வில்லானிக்கு 2010இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு பெட்ரோசியனும் துனிசியாவில் பிறந்த மஸ்மூடியும் 2013இல் இருபரிமாணக் குவெட் பாய்வை எடுத்தார்கள். மேற்சொன்ன வர்க்கமூல எல்லையைவிடச் சற்றே வழவழப்பான சிறு உலைவு எதுவானாலும், எல்லையற்ற காலத்துக்கும் அது தணியும் என்று நிறுவினார்கள். மீண்டு வருவது பழைய குவெட் பாய்வே அல்ல, அதற்கு அருகிலுள்ள வேறொரு சறுக்குப் பாய்வு. அது எது என்று முன்கூட்டித் தெரியாததால், ஆயங்களையே ஓட்டத்தோடு சேர்ந்து மாறவிட்டு, எதிரொலி எழும் ஒவ்வொரு கணத்தையும் எடைபோடும் ஓர் ஆற்றல் அளவையை அவர்கள் கட்ட வேண்டியிருந்தது. நிரூபணத்தின் உயிர் அந்த அளவைதான். ஆர் கண்ட உச்சங்கள் ஒவ்வொன்றும் அதற்குள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த அளவு வழவழப்பு தேவைதானா, இல்லை நிரூபிக்கும் முறையின் பலவீனமா? இரண்டு பக்கத்திலிருந்தும் விடை வந்திருக்கிறது. லின்னும் செங்கும் 2011இல், வழவழப்பு மிகக் குறைந்த உலைவுகளை அனுமதித்தால் குவெட் பாய்வுக்கு எவ்வளவு அருகிலும் பூனைக்கண் வடிவச் சுழல்கள் அழியாமல் நிற்கும் என்று காட்டினார்கள்; அங்கே தணிவுக்கே இடமில்லை. டெங்கும் மஸ்மூடியும் ஜெவ்ரே எல்லைக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே எதிரொலிச் சங்கிலி உண்மையாகவே உருவாகும் என்று நிறுவினார்கள். ஆக, வர்க்கமூலம் என்பது இயற்கையின் எண். பிளாஸ்மாவில் அதற்கிணையான இடத்தில் கனமூலம் நிற்கிறது. அங்கே எதிரொலிகள் கொஞ்சம் மென்மையானவை.

குவெட்டைத் தாண்டுவது எளிதாக இல்லை. இயோனெஸ்குவும் ஜியாவும் ஒரு பக்கம், மஸ்மூடியும் ஜாவும் மறுபக்கம், ஏறத்தாழ ஒரே காலத்தில், வேகம் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகும் பொதுவான சறுக்குப் பாய்வுகள் பலவற்றுக்குத் தேற்றத்தை விரித்தார்கள். இரு தரப்பும் உலைவின் சுழல்மை சுவரைத் தொடாமல் விலகியிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஏனென்றால் சுவரில் சுழல்மை இருந்தால் அங்கே ஒருமைப்புள்ளிகள் கிளம்பித் தணிவையே கெடுத்துவிடும். அடர்த்தி உயரத்தோடு மாறும் பாய்மத்தில் நிலைமை இன்னும் சுவையானது. அடர்த்தி அடுக்கின் வலிமையைச் சறுக்கலின் வலிமையோடு ஒப்பிடும் ரிச்சர்ட்சன் எண் காலுக்கு மேல் இருக்க வேண்டும் என்று மைல்ஸ், ஹோவர்ட் இருவரும் 1961இல் கண்ட நிபந்தனை நிறைவேறினாலும், சுழல்மை காலத்தின் வர்க்கமூலம்போல் வளர்ந்துகொண்டே போகும். அதனால் அங்கே கிடைத்திருக்கும் தேற்றம் என்றென்றைக்கும் ஆனதில்லை; உலைவின் அளவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமான காலம்வரைதான் செல்லும். கடலுக்கும் வளிமண்டலத்துக்கும் இதுவே நெருங்கிய மாதிரி என்பதால் அந்த வரம்பு ஒரு குறையாக எனக்குப் படவில்லை.

இதுவரை பாகியலை ஒதுக்கி வைத்தோம். அதைத் திரும்பச் சேர்த்தால் ஒரு நன்மை கிடைக்கிறது. பாகியல் மெல்லிய இழைகளைத்தான் முதலில் அழிக்கும். சறுக்கலோ இழைகளை மெலியச் செய்துகொண்டே இருக்கிறது. ரெனால்ட்ஸ் எண் 10 லட்சம் என்றால், சறுக்கல் இல்லாத பாய்மத்தில் உலைவு தேய 10 லட்சம் கால அலகுகள் ஆகும். குவெட் பாய்விலோ அதன் கனமூலமான 100 அலகுகளே போதும். இந்த விரைவுத் தேய்வு சாதாரண வழவழப்பு உள்ள உலைவுகளையும் காப்பாற்றுகிறது, அளவு ஒரு வரம்புக்குள் இருந்தால். இருபரிமாணத்தில் அந்த வரம்பு ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்று பெட்ரோசியன், விகோல், வாங் மூவரும் நிறுவினர். மஸ்மூடியும் ஜாவும் அதைக் கனமூலத்துக்குத் தளர்த்தினர். சுவரில் பாய்மம் ஒட்டிக்கொள்ளும் உண்மையான கால்வாயில் வர்க்கமூலம்வரை நிறுவப்பட்டிருக்கிறது.

முப்பரிமாணத்தில் சிக்கல் வேறு மாதிரி. ஓட்டத்தின் திசையில் மாறாமல் நீண்டு கிடக்கும் சுழல்களைச் சறுக்கல் சாய்க்க முடியாது. எனவே அவற்றுக்கு விரைவுத் தேய்வும் இல்லை. அச்சுழல்கள் மெதுவாக ஓடும் பாய்மத்தை மேலே தூக்கியும், வேகமாக ஓடுவதைக் கீழே இறக்கியும் நீள்வரிகளை உண்டாக்குகின்றன. இந்தத் தூக்கல் விளைவை எல்லிங்சனும் பாமும் 1975இல் எழுதினார்கள். வரிகள் காலத்தோடு நேர்விகிதத்தில் வளர்ந்து, பாகியல் வந்து தடுக்கும்வரை, அதாவது தொடக்க அளவைப் போல் ரெனால்ட்ஸ் எண் மடங்காகும்வரை போகும். அதனால் தொடக்க உலைவு ரெனால்ட்ஸ் எண்ணின் தலைகீழியைவிடப் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று எதுவும் சொல்வதற்கில்லை. அதைவிடச் சிறிதாக இருந்தால் போதுமா? பெட்ரோசியன், ஜெர்மேன், மஸ்மூடி மூவரும் 2017இல் சாதாரண வழவழப்புக்கு, ரெனால்ட்ஸ் எண்ணின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதமான அளவுவரை எட்டினார்கள். வெய்யும் ஜாங்கும் பின்னர் அந்த அடுக்கைச் சரியாக ஒன்றுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சுவர்களோடு கூடிய கால்வாய்க்கும் செனுடன் சேர்ந்து அதே விடையைப் பெற்றார்கள். சுவரில்லாத கற்பனைப் பெட்டிகளில் நிறுவப்படும் தேற்றங்களைப் பற்றிப் பொறியாளர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு; இந்த இடத்தில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது.

குழாய் ஓட்டத்திலும் இதே அடுக்கு ஏற்கெனவே அளக்கப்பட்டிருந்தது. 2003இல் ஹாஃப், யூல், முல்லின் மூவரும் மிக நீண்ட குழாயொன்றில் அளந்தறிந்த சிறு பீய்ச்சல்களைச் செலுத்தி, கொந்தளிப்பை எழுப்பப் போதுமான மிகக் குறைந்த பீய்ச்சல் எவ்வளவு என்று பார்த்தார்கள். அது ரெனால்ட்ஸ் எண்ணுக்கு எதிர்விகிதமாகக் குறைந்தது. சோதனை நடந்த ஊரும் மான்செஸ்டர்தான். ஆனால் குழாய்க்கான கணிதம் பின்தங்கியிருக்கிறது. பெரிய ரெனால்ட்ஸ் எண்களில் குழாய் ஓட்டம் நேரியல் அளவிலாவது நிலையானது என்று செனும் வெய்யும் ஜாங்கும் நிறுவியதே அண்மையில்தான். அளவோடு கூடிய நேரியலற்ற தேற்றத்தில் ஒன்று என்ற அடுக்கைப் பிடிப்பது இனிமேல் ஆக வேண்டிய வேலை.

வரம்பைத் தாண்டிய உலைவுகளைப் பற்றியும் ஒன்று தெரியும். உலைவு போதிய வழவழப்போடு, ரெனால்ட்ஸ் எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு எதிர்விகிதமான அளவுக்குச் சற்றுக் கீழேவரை இருந்தால், அது எந்த வடிவில் தொடங்கினாலும் குவெட் பாய்வை விட்டு வெளியேற நீள்வரி என்ற ஒரே வழிதான் உண்டு. மற்ற எல்லாக் கூறுகளும் விரைவுத் தேய்வில் மறைந்துவிடும். பெட்ரோசியன், ஜெர்மேன், மஸ்மூடி இதை ஒரு தனி நூலளவில் எழுதியிருக்கிறார்கள். நன்கு வளர்ந்த நீள்வரி தானே நிலையிழந்து, பாம்புபோல் நெளிந்து, உடைந்து கொந்தளிப்பாவதைக் கணினியிலும் ஆய்வகத்திலும் பல்லாண்டாகப் பார்த்துவருகிறோம். வரி உடையும் அந்தக் கட்டத்துக்கு நிரூபணம் இன்னும் வரவில்லை.